ஐயாயிரம் டாலர் குத்து

2021 மே 3 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ரேஞ்சர்ஸ் அணியும் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியும் ஐஸ் ஹாக்கி ஆடின. பனித்தரையில் குப்புறக் கிடந்த ரேஞ்சர்ஸ் வீரர் பாவெல் புச்னெவிச்சை, கேப்பிடல்ஸின் டாம் வில்சன் பின்தலைப் பக்கம் குத்தினார். விலக்க வந்த ஆர்டெமி பனாரினின் ஹெல்மெட் கழன்றிருந்தது. அவரையும் பிடித்துத் தரையில் அடித்து வீழ்த்தினார். பனாரின் அப்போது ரேஞ்சர்ஸின் தலையாய ஆட்டக்காரர். அந்தப் பருவத்தில் எஞ்சியிருந்த ஆட்டங்கள் எதிலும் அவர் இறங்கவில்லை. வில்சனோ அதற்கு முன்பே ஐந்து முறை தடை வாங்கியவர். இந்த முறை தடை கிடையாது. புச்னெவிச்சைக் குத்தியதற்கு 5,000 டாலர் அபராதம், அவ்வளவுதான். வீரர்கள் சங்கத்துடன் போட்ட ஒப்பந்தம் அனுமதிக்கும் உச்ச அபராதம் அது என்று தேசிய ஹாக்கி லீக் சொன்னது. வில்சனின் சம்பள ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு 3 கோடியே 10 லட்சம் டாலர். கொதித்துப்போன ரேஞ்சர்ஸ் நிர்வாகம், லீக்கின் வீரர் பாதுகாப்புத் துறையின் தலைவர் ஜார்ஜ் பாரோஸ் அந்தப் பதவிக்கு லாயக்கில்லை என்று அறிக்கை விட்டது. அறிக்கை விட்ட குற்றத்துக்கு லீக் போட்ட அபராதம் 2,50,000 டாலர். குத்துக்குப் போட்டதைப்போல ஐம்பது மடங்கு. இரண்டு நாள் கழித்து அதே அணிகள் மறுபடி மோதியபோது, ஆட்டம் தொடங்கிய முதல் நொடியிலேயே களத்தில் நின்றவர்கள் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கைகலந்தார்கள். முதல் ஐந்து நிமிடங்களுக்குள் ஆறு சண்டைகள். வில்சனும் காயத்துடன் பாதியில் வெளியேறினார்.

என்.ஹெச்.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய ஹாக்கி லீக் 1917இல் கனடாவில் தொடங்கியது. இன்று கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 32 அணிகள் அதில் ஆடுகின்றன. அங்கே வீரர் பாதுகாப்பு பற்றிய வாதம் எப்போது எழுந்தாலும் அது இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடும். உடம்பைக் காப்பாற்று என்கிறது ஒரு கட்சி. அதிகமாகக் காப்பாற்றப் போனால் ஆட்டத்தின் வீரியம் போகும், அணிகளுக்கிடையே உள்ள சமநிலை குலையும் என்கிறது மற்றது. பாதுகாப்பை ஒரு தட்டிலும் சமநிலையை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்கும் இந்த வழக்கமே தவறு என்பது என் வாதம். இந்த ஆட்டத்தின் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால், பாதுகாப்பு எங்கெல்லாம் கைவிடப்பட்டதோ அங்கெல்லாம் யாரோ ஒருவர் அதனால் போட்டியில் ஆதாயம் அடைந்திருக்கிறார். எதிரணியின் காயம் லாபமாக இருக்கும்வரை சமநிலை என்று பேச ஒன்றுமில்லை.

ஆட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். அணிக்கு ஒரு கோல்காப்பாளரும் ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பார்கள். வேகம் அதிகம் என்பதால் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பந்துக்குப் பதிலாகச் சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை. அதைப் பக் என்பார்கள். வலுவாக அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். களத்தைச் சுற்றிப் பலகைச் சுவர். பக்கை வைத்திருப்பவரைத் தோளாலும் இடுப்பாலும் இடித்துத் தள்ளுவது விதிக்கு உட்பட்டதே. சின்னத் தவறு செய்தவர் இரண்டு நிமிடம் தண்டனைக் கூண்டில் உட்கார வேண்டும். அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். எதிரணிக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை நேரத்துக்குப் பவர் பிளே என்று பெயர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பவர் பிளே கோலில் முடிகிறது. அதனால் பயிற்சியாளர்கள் அந்த இரண்டு நிமிடத்துக்கு உண்மையிலேயே அஞ்சுகிறார்கள்.

இப்போது பாதுகாப்புக் கவசங்களின் கதைக்கு வருவோம். 1959 நவம்பர் 1 அன்று, இதே மேடிசன் ஸ்கொயர் கார்டனின் பழைய கட்டடத்தில், மாண்ட்ரியால் அணியின் கோல்காப்பாளர் ஜாக் பிளாண்ட் முகத்தில் ஆண்டி பாத்கேட் அடித்த பக் பட்டுக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு திரும்பியவர், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்றார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு முகமூடி பிடிக்காது. பார்வை மறையும், காப்பாளரின் துணிச்சல் குறையும் என்பது அக்காலத்து நம்பிக்கை. மாற்றுக் காப்பாளர் இல்லாததால் இணங்கினார். மாண்ட்ரியால் அன்று வென்றது, லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையையும் அந்தப் பருவத்தில் வென்றது. ஆனால் மற்ற ஆட்டக்காரர்களின் தலை இன்னும் நெடுங்காலம் வெறுந்தலையாகவே இருந்தது. 1968 ஜனவரியில் மினசோட்டா அணியின் பில் மாஸ்டர்டன் இடிபட்டு, பனியில் தலை மோதி, இரண்டு நாளில் இறந்தார். என்.ஹெச்.எல். ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக உயிரிழந்த ஒரே வீரர் அவர்தான். அதற்குப் பிறகும் பெரும்பாலோர் ஹெல்மெட் அணியவில்லை.

ஏன் என்ற கேள்விக்குத்தான் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1973இல் ஒரு கட்டுரையில் விடை தேடினார். 2005இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். ஹெல்மெட் போடாதது முட்டாள்தனம் என்று வீரர்களுக்கே தெரியும். ஆனால் போட்டால் பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் குறையலாம், கோழை என்ற பேச்சு வரலாம். எதிரில் நிற்பவன் போடாதபோது நான் மட்டும் போட்டால் எனக்கு நஷ்டம். எல்லோரும் போட வேண்டும் என்று விதி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே ரகசிய வாக்கெடுப்பில் ஹெல்மெட்டை ஆதரிக்கக்கூடிய அதே வீரர்கள், களத்தில் அதைக் கழற்றி வைத்தார்கள். பாதுகாப்பு என்பது போட்டிச் சமநிலைக்கு எதிரானது என்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அங்கே வீரரைப் பாதுகாப்பிலிருந்து விரட்டியதே சமநிலை இன்மைதான். தனிமனித விருப்பம் என்று விட்டால் துணிந்தவனுக்கு ஆதாயம். எல்லோருக்கும் பொதுவான விதி வந்தால் யாருக்கும் ஆதாயம் இல்லை.

லீக் இந்தப் பாடத்தைப் பாதி மட்டும் கற்றது. 1979இல் ஹெல்மெட் கட்டாயமானது, ஆனால் புதிதாக வருபவர்களுக்கு மட்டும். பழையவர்கள் விலக்குப் பெற்றார்கள். கடைசி வெறுந்தலை வீரர் கிரெய்க் மக்டாவிஷ் 1997இல்தான் ஓய்வு பெற்றார். கண்ணைக் காக்கும் கண்ணாடித் தடுப்பும் 2013இல் இதேபோலப் புதியவர்களுக்கு மட்டும் கட்டாயமானது. 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், நாட்டிங்ஹாம் அணிக்காக ஆடிய அமெரிக்கர் ஆடம் ஜான்சனின் கழுத்தை எதிர்வீரரின் ஸ்கேட் அறுத்து அவர் இறந்தார். பிரிட்டன் லீக் விரைவிலேயே கழுத்துக்காப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. என்.ஹெச்.எல்.? 2026-27 பருவத்திலிருந்து, புதிதாக நுழைபவர்களுக்கு மட்டும். ஸ்கேட் பிளேடு அனுபவசாலியின் கழுத்தை அடையாளம் கண்டு ஒதுங்கிப் போகும் என்று எண்ணுகிறார்கள் போலும்.

கவசம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேண்டுமென்றே செய்யும் வன்முறைக்குத் தண்டனை எப்படி விழுகிறது என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. சின்னத் தவறுக்கு அணி முழுவதும் விலை கொடுக்கிறது என்று பார்த்தோம். பெரிய தவறுக்கு? இருவர் சண்டை போட்டால் இருவருக்கும் ஐந்து நிமிடக் கூண்டு. இரு தரப்பிலும் ஒருவர் போவதால் களத்தில் ஆள் எண்ணிக்கை குறைவதே இல்லை. அணிக்குச் செலவு பூஜ்யம். தலையில் இடித்து ஒருவரைச் சாய்த்தால் பிறகு ஆட்டத்தடை வரும். தடைபட்டவருக்குச் சம்பளம் போகும். அணி வேறொருவரை இறக்கிவிட்டு ஆடலாம். 2012இல், கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுத் தொடரில் ஃபீனிக்ஸ் அணியின் ரஃபி டாரஸ், சிகாகோவின் மரியான் ஹோசாவை இடித்தார். ஹோசா ஸ்ட்ரெச்சரில் போனார், அந்தத் தொடரில் திரும்பவில்லை. டாரஸுக்கு 25 ஆட்டத் தடை; பிறகு 21ஆகக் குறைந்தது. கடுமையான தண்டனைதான். ஆனால் ஃபீனிக்ஸ் இழந்தது நடுத்தர ஆட்டக்காரர் ஒருவரை. சிகாகோ இழந்தது நட்சத்திரத்தை. தொடரை வென்றது ஃபீனிக்ஸ். டாரஸ் கணக்குப் போட்டு இடித்தார் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போடும் ஒருவருக்கு விதி எந்தப் பக்கம் லாபம் காட்டுகிறது என்பதே கேள்வி.

இதற்கு எதிர் உதாரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2011 இறுதித் தொடரில் வான்கூவரின் ஆரன் ரோம் இடித்ததில் பாஸ்டனின் நேதன் ஹார்ட்டன் கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சியால் தொடரின் எஞ்சிய ஆட்டங்களை இழந்தார். ரோமுக்கு நான்கு ஆட்டத் தடை. கோப்பை பாஸ்டனுக்கே போனது. ஆக, நட்சத்திரத்தை வீழ்த்தினால் வெற்றி நிச்சயம் என்றில்லை. ஆனால் அடிபட்ட அணி அன்று தோற்கவில்லை என்பது, அடித்த அணிக்குப் போட்ட தண்டனை சரி என்று ஆக்கிவிடாது.

அணியின் மீதே தண்டனையைப் போட்டால் நடத்தை மாறுமா என்ற ஐயத்துக்கு என்.ஹெச்.எல். வரலாற்றிலேயே தெளிவான விடை இருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டு அணிகளின் பெஞ்சும் காலியாகி, இருக்கிற அத்தனை பேரும் களத்தில் குதித்து அடித்துக்கொள்வது வாடிக்கை. 1987 மே 14 அன்று மாண்ட்ரியாலில் அது உச்சத்துக்குப் போனது. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி முடியும்போது எதிரணியின் காலி கோலுக்குள் பக்கை அடித்துவிட்டுப் போவது மாண்ட்ரியால் வீரர் இருவரின் ராசி. ஃபிலடெல்ஃபியா வீரர்கள் அதைத் தடுக்கப் போக, நடுவர்கள் களத்துக்கு வரும் முன்பே இரண்டு அணிகளும் முழுமையாக மோதிக்கொண்டன. அதன் பிறகு லீக் விதியை இறுக்கியது. பெஞ்சைவிட்டு முதலில் இறங்குபவருக்குத் தானாகவே 10 ஆட்டத் தடை, அவருடைய பயிற்சியாளருக்கும் தடை, அணிக்கும் அபராதம். பெஞ்ச் காலியாகும் கலவரம் ஏறக்குறைய ஒழிந்தே போனது. வீரர்கள் ஒரே கோடையில் சாந்தசொரூபிகளாகிவிடவில்லை. பயிற்சியாளரின் வேலைக்கே உலை வைக்கும் செயலாக அது மாறியதும், பயிற்சியாளரே பிடித்து உட்கார வைத்தார்.

சண்டையை ஆதரிப்பவர்களின் வாதம் பழையது, ஆனால் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. நடுவர் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எங்கள் நட்சத்திரத்தைத் தொட்டால் உனக்கு அடி விழும் என்று பயமுறுத்த ஒரு முரட்டு ஆள் அணியில் இருந்தால் எதிரணி அடங்கியிருக்கும் என்பது அது. இதை எண்களால் சோதிக்கலாம். 2008-09 பருவத்தில் 700க்கும் மேற்பட்ட சண்டைகள் நடந்தன. அண்மைப் பருவங்களில் அதில் பாதிகூட இல்லை. முரட்டு ஆட்களுக்காகவே ஒதுக்கிய இடம் அணிகளில் மறைந்துவிட்டது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெட்ஸ், 2010க்குப் பிந்தைய பருவங்களின் தண்டனைப் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், சண்டை மற்ற வன்முறையைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மேடிசன் ஸ்கொயர் கார்டனின் அந்த ஆறு சண்டைகளும் பனாரினைக் களத்துக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை. இந்தக் காவல் வேலைக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். மினசோட்டாவுக்கும் நியூயார்க்குக்கும் ஆடிய டெரெக் பூகார்டு, 277 ஆட்டங்களில் அடித்த கோல்கள் மூன்று. அவர் வேலை சண்டைதான். 2011இல் 28 வயதில், வலிநிவாரணியும் மதுவும் கலந்து இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்தபோது, தொடர்ந்து தலையில் அடிபடுவோருக்கு வரும் சிதைவு நோய் இருந்தது. ஓய்வுபெற்ற வீரர்கள் தொடுத்த வழக்கு 2018இல் 318 பேருக்கு 1 கோடியே 89 லட்சம் டாலர் என்று முடிந்தது. லீக் எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை.

காயமும் சமநிலையும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதைச் சம்பள உச்சவரம்பின் கதை இன்னும் பச்சையாகக் காட்டுகிறது. பணக்கார அணிகள் எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிவிடாதிருக்க, 2004-05 பருவம் முழுவதையும் பலிகொடுத்து, உரிமையாளர்கள் கொண்டுவந்த ஏற்பாடு அது. முதலில் அணிக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர். 2025-26இல் 9 கோடியே 55 லட்சம். அதில் ஒரு விலக்கு உண்டு. நீண்டகாலக் காயத்தில் ஒருவர் இருந்தால், அவர் சம்பள அளவுக்கு அணி வரம்பைத் தாண்டி வேறு ஆள் எடுக்கலாம். நியாயமான விலக்குதான், காயத்தால் அணி நலியக்கூடாது அல்லவா. ஆனால் பிளே-ஆஃப் தொடங்கியதும் உச்சவரம்பே கிடையாது என்பதை மேலாளர்கள் கண்டுகொண்டார்கள். 2020-21இல் டாம்பா பே அணியின் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வழக்கமான பருவம் முழுவதும் ஆடவில்லை. பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில் வந்து நின்றார். தொடரிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தார், அணி கோப்பையை வென்றது. வரம்புக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் மேலே இருக்கிறோம் என்று அச்சிட்ட பனியனையும் கொண்டாட்டத்தில் போட்டுக்கொண்டார். 2023இல் வேகஸின் மார்க் ஸ்டோன் முதுகுக் காயத்திலிருந்து அதேபோல் பிளே-ஆஃபுக்குத் திரும்பி, இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். இவர்களுடைய காயங்கள் பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. குச்செரோவின் இடுப்பை உண்மையாகவே அறுத்தார்கள். ஆனால் குணமடையும் தேதி மருத்துவருக்கு மட்டுமன்றிக் கணக்காளருக்கும் உரியதாகிவிட்டால், எந்தக் காயச் செய்தியையும் யாரும் நம்ப மாட்டார்கள். போதாக்குறைக்கு, மேலுடல் காயம், கீழுடல் காயம் என்பதற்கு மேல் அணிகள் பெரும்பாலும் எதையும் வெளியே சொல்வதில்லை. 2025இல் எட்டிய ஒப்பந்தத்தில், பிளே-ஆஃபில் அன்றன்று இறங்கும் இருபது பேரின் சம்பளமும் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. காயத்தால் வந்த ஆதாயத்தை அடைத்த இந்த விதியைச் சமநிலைக்கான சீர்திருத்தம் என்றுதான் எல்லோரும் வரவேற்றார்கள். அது பாதுகாப்புக்கான விதியும் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சம் இருக்கிறது. கன்கஷன்களில் பெரும்பகுதி, நடுவர் குற்றமே காணாத சாதாரண இடிகளால் வருபவை. தலையை இலக்காக்கும் இடியைத் தடைசெய்து 2010இல் 48ஆம் விதி வந்த பிறகும் கன்கஷன் விகிதம் குறையவில்லை என்று கனடிய ஆய்வாளர்கள் 2013இல் கண்டார்கள். அப்படியென்றால் குற்றவாளி அணியைத் தண்டித்து என்ன பயன்? இடிப்பதையே நிறுத்தினாலன்றிப் பயனில்லை. நிறுத்தினால் அது இந்த ஆட்டமாக இருக்காது. சிறுவர் ஆட்டத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். 11, 12 வயதினருக்கு இடியை அனுமதித்த ஆல்பெர்ட்டா மாகாணத்தையும் அனுமதிக்காத கியூபெக்கையும் ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு ஆய்வில், காய அபாயம் ஆல்பெர்ட்டாவில் மூன்று மடங்கு இருந்தது. 2013இல் கனடா முழுவதும் அந்த வயதில் இடிக்கத் தடை வந்தது. பெரியவர்களின் தொழில்முறை ஆட்டத்தில் அதைக் கேட்பது வீண் வேலை, நானும் கேட்கவில்லை. இடிபட்டவர் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்காமல் தடுப்பதைத்தான் கேட்கலாம்.

அதிலும் சமநிலைதான் குறுக்கே நிற்கிறது. கன்கஷன் அறிகுறியைக் கவனிப்பதற்கென்றே லீக் ஆட்களை நியமித்து, வீரரை வெளியே அழைக்கும் அதிகாரத்தை 2016இல் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் எட்மன்டனின் கானர் மெக்டேவிட் அப்படி அழைக்கப்பட்டார். அணிக்குப் பவர் பிளே கிடைத்த நேரத்தில் ஆட்டத்தின் தலைசிறந்த இளைஞர் பரிசோதனை அறையில் இருந்தார். அவருக்கே எரிச்சல். 2017 பிளே-ஆஃபில் நேர்மாறு நடந்தது. ஒரு வாரத்துக்கு முன்புதான் கன்கஷனால் ஓர் ஆட்டத்தைத் தவறவிட்ட சிட்னி கிராஸ்பி, பலகைச் சுவரில் தலை மோத விழுந்தார். அவரை யாரும் வெளியே அழைக்கவில்லை. பனியில் தலை மோதினால்தான் கட்டாயப் பரிசோதனை, பலகையில் மோதினால் இல்லை என்று லீக் விளக்கம் சொன்னது. இதற்குக் கிரிக்கெட் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2019இலிருந்து தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆட்டக்காரர் முழு உரிமையுடன் இறங்கலாம். துஷ்பிரயோகம் ஆகுமே என்றால், ஆகலாம். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவின் ஜடேஜாவுக்குப் பதில் வந்த சஹல் மூன்று விக்கெட் எடுத்ததும் ஆஸ்திரேலியர்கள் குமுறியது நமக்கு நினைவிருக்கும். ஆனால் ஒருமுறை முறைகேடாகத் தோன்றியதற்காக அந்த விதியை யாரும் கைவிடவில்லை. ஐஸ் ஹாக்கியில் இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் கரோலைனாவின் இரண்டு கோல்காப்பாளர்களும் காயம்பட, அரங்கில் அவசரத்துக்கு வைத்திருந்த 42 வயது டேவிட் அயர்ஸ் இறங்கினார். பனித்தரையைச் சீர்செய்யும் வண்டி ஓட்டியவர் அவர். அன்று அவர் அணி வென்றது. கோல்காப்பாளருக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டை மற்றவர்களுக்கும் நீட்டி, பரிசோதனைக்குப் போனவரின் இடத்தில் இருபத்தொன்றாவது ஆள் இறங்கலாம் என்றால், உண்மையைச் சொல்வதால் அணிக்கு நஷ்டம் வராது.

வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கு இதற்கு எதிரான கணக்கு வேண்டும். தடைபட்ட வீரரின் இடத்தை நிரப்ப அணிக்கு அனுமதி இருக்கக் கூடாது. ஐந்து ஆட்டத் தடை என்றால் ஐந்து ஆட்டமும் இருபதுக்குப் பதில் பத்தொன்பது பேர். காயத்தின் அளவைப் பார்த்து அல்ல, செயலைப் பார்த்தே தடையின் நீளம் அமைய வேண்டும். இல்லையென்றால் காயத்தைப் பெரிதாக்கிக் காட்ட மறுபடியும் ஒரு வாசல் திறக்கும். ஒருவன் செய்ததற்குப் பத்தொன்பது பேர் தண்டனை அனுபவிப்பதா என்பார்கள். மட்டையால் காலை இடறிவிட்டதற்கு அணி முழுவதும் இரண்டு நிமிடம் தவிப்பதை நியாயம் என்று ஏற்றவர்கள், தலையை உடைத்ததற்கு அப்படிக் கேட்பதுதான் விந்தை. தண்டனையின் எடை கூடினால் லீக் தண்டிக்கவே தயங்கும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம், அது நடக்கவும் கூடும். ஆறு ஆட்டமும் அதற்கு மேலும் உள்ள தடைகளை வெளி நடுவரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற ஏற்பாடு இப்போதே இருக்கிறது. 2018இல் இதே வில்சனுக்கு விதித்த 20 ஆட்டத் தடையை அந்த நடுவர் 14ஆகக் குறைத்தபோது வில்சன் 16 ஆட்டங்களைத் தவறவிட்டிருந்தார். முதல் தீர்ப்பையும் அப்படிப்பட்ட வெளியாளிடமே கொடுத்துவிட்டால், தயக்கத்துக்கு இடம் குறையும். அணி உரிமையாளர்கள் இதற்கு எளிதில் இணங்க மாட்டார்கள். வீரர்கள் சங்கமும் தன் உறுப்பினரில் அடித்தவரைக் காப்பதா, அடிபட்டவரைக் காப்பதா என்று வழக்கம்போல் திணறும். வீரர்கள் சங்கத்துடன் 2025இல் எட்டிய ஒப்பந்தம் 2030 செப்டம்பரில் முடிகிறது. அதற்குள் பேச்சு தொடங்க வேண்டிய முதல் இடம் அந்த ஐயாயிரம் டாலர்.